பிஸ்கா ரோட்டில் எல்லாக் கடிகாரமும் சரி

அத்தியாயம் 6

"கையெழுத்துப் போட்டிருக்கேன் மேடம். என்னால ஒண்ணும் சொல்ல முடியாது."

செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்குள் இந்த வசனத்தை நான்கு பேரிடம் கேட்டுவிட்டோம். கவுன்ட்டி நிர்வாகி சொன்னார். திட்ட அலுவலகத்தில் வரைபடம் வைத்திருக்கும் பெண்மணி சொன்னார். அந்த அலுவலக வாசலில் புல் வெட்டிக்கொண்டிருந்த ஆள், நாங்கள் வாயைத் திறப்பதற்கு முன்பே சொன்னார். இப்போது ஆட்டர் க்ரீக் மின் கூட்டுறவுச் சங்கத்தின் வரவேற்பு மேஜையில் உட்கார்ந்திருந்த பெண் சொல்கிறாள்.

"புல்லு வெட்டுறவர்கிட்ட எதுக்கு பாஸ் கையெழுத்து? புல்லோட உயரம் வெளிய தெரிஞ்சிடக் கூடாதுன்னா?" என்று கேட்டேன்.

நாடீன் மக்ரூடர் சிரிக்கவில்லை. கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே போனார். கதவு என் மூக்கில் மோதாமல் நான் பிழைத்தது தெய்வச் செயல்.

என் பெயர் லைல் ஓவர்பி. நாடீனுக்குக் கார் ஓட்டுவதும், அவர் கோபப்படும்போது எதிரே நின்று வாங்கிக்கொள்வதும் என் வேலை. அவர் இதே கூட்டுறவுச் சங்கத்தில் இருபத்திரண்டு வருடம் வீடு வீடாகப் போய் மீட்டர் ரீடிங் எடுத்தவர். தானாகவே கணக்கு அனுப்பும் மீட்டர்கள் வந்ததும், ஒரு கேக் வெட்டி வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். வீட்டில் இரண்டு வாரம்தான் இருந்தார். அப்புறம் தேர்வு எழுதி, லைசென்ஸ் வாங்கி, தனியார் துப்பறிவாளர் ஆனார். இந்த டாரோ கவுன்ட்டியில் எந்த வீட்டில் எந்த நாய் கடிக்கும் என்று தெரிந்த ஒரே துப்பறிவாளர் அவர்தான்.

அன்று மதியம் இரண்டு மணிக்கு டெல்ஃபின் வோமாக்குக்கு விசாரணை. அதற்குள் நாங்கள் ஏதாவது கொண்டுபோகாவிட்டால் வழக்கு மேல் கோர்ட்டுக்குப் போகும். ஐந்து வருடம் வரை உள்ளே தள்ளலாம். டெல்ஃபின் ஐம்பத்தெட்டு வயதுப் பெண்மணி.

நடந்தது இதுதான். பிஸ்கா ரோட்டுக் கடைசியில் கார்லண்ட் ஹாட்ச்சரின் கோழிப்பண்ணை. ஜன்னல் இல்லாத இரண்டு நீள ஷெட்டுகள். காற்றாடி ஓடினால் கோழி உயிரோடு இருக்கும், நின்றால் அரை மணியில் வெந்துபோகும். போன வியாழக்கிழமை வெயில் நூற்றியிரண்டு டிகிரி. சாயங்காலம் நாலு பத்துக்குக் காற்றாடிகள் நின்றன, நாலு ஐம்பத்தொன்றுக்குத் திரும்ப ஓடின. பேட்டரியில் ஓடும் எச்சரிக்கைப் பெட்டி அதைக் குறித்து வைத்திருந்தது. ஏன் நின்றது என்று குறிக்கிற புத்தி அதற்கு இல்லை. பெரிய ஷெட்டில் இருபத்துமூவாயிரம் கோழிகள் ஒன்று விடாமல் செத்தன. இன்னொரு ஷெட்டில் இரண்டு வாரக் குஞ்சுகள், உடம்பு சின்னது என்பதால் எப்படியோ தப்பின.

ஜெனரேட்டர் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். போன வருடமே பழுது. அதற்கான பாகம் பதினாலு மாதமாக வரவில்லை. வருகிற ஜெனரேட்டர், பாகம் எல்லாவற்றையும் 'பெட்டி' வாங்கிக்கொள்கிறது.

பெட்டி என்றால் டேட்டா சென்டர். நெடுஞ்சாலைக்குத் தெற்கே, சோளக்காடு இருந்த இடத்தில் சாம்பல் நிறத்தில் நிற்கிறது. யாருடையது என்று யாருக்கும் தெரியாது, தெரிந்தவர்கள் வெளியே சொல்ல மாட்டோம் என்று கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். கவுன்ட்டி முழுதும் எரிக்கிற மின்சாரத்தைப் போல நாலு மடங்கு அது ஒன்றே குடிக்கிறது என்று பேச்சு. அது வந்ததிலிருந்து எங்கள் வீடுகளில் வாரத்துக்கு மூன்று தடவையாவது விளக்கு ஒரு வினாடி அணைந்து எரியும்.

ஆனால் வியாழக்கிழமை பிஸ்கா ரோட்டில் கரண்ட் போகவே இல்லை என்று கூட்டுறவுச் சங்கம் சொல்லிவிட்டது. அப்படியானால் யாரோ பண்ணையின் மெயின் சுவிட்சை அணைத்திருக்க வேண்டும். அன்று பண்ணையில் வேலைக்கு இருந்தது டெல்ஃபின் மட்டும்தான். மதியம்தான் லீவு கேட்டு, கிடைக்காமல், கார்லண்டோடு வாய்ச்சண்டை போட்டிருந்தார். போலீசுக்கு வேறென்ன வேண்டும்? வெள்ளிக்கிழமையே பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள்.

சனிக்கிழமை சிறையில் பார்த்தபோது டெல்ஃபின் எங்களிடம் அழவும் இல்லை, கெஞ்சவும் இல்லை.

"பத்தொம்பது வருஷமா அந்த ஷெட்டு பக்கத்துலதான் படுத்துக்கறேன். காத்தாடி சத்தம் நின்னா தூக்கத்துல கூட எந்திரிச்சிடுவேன். அன்னிக்குக் கோவத்துல ஓடைப் பக்கம் போயி வண்டியில உக்காந்துட்டேன். அந்த ஒரு மணி நேரம் நான் அங்க இல்ல. அதுக்கு வேணா என்னை உள்ள போடுங்க."

அதைக் கேட்டதிலிருந்து நாடீனுக்குத் தூக்கம் இல்லை, எனக்கு நிம்மதி இல்லை.

காரில் ஏறியதும் நாடீன் கைப்பையைப் பின் சீட்டில் எறிந்தார். நேற்றுத் திங்கட்கிழமை அவர் சங்க மேலாளர் ராய்ஸ் டில்லரியை நேரில் பார்த்திருந்தார். டில்லரி காபி கொடுத்தார். பிஸ்கா லைனில் போன வாரம் முழுதும் ஒரு வினாடி கூடத் தடங்கல் இல்லை என்று எழுதியும் கொடுத்தார். மீட்டர் பதிவு வேண்டுமானால் விண்ணப்பம் போடலாம், முப்பது நாளில் பரிசீலிப்பார்களாம்.

முப்பது நாள் என்றதும் நாடீனுக்குக் கோபம் தலைக்கேறியிருக்கிறது. உங்கள் பதிவு எனக்கு வேண்டாம், நீங்கள் கொடுத்த கடிகாரங்களே பிஸ்கா ரோட்டில் இருக்கின்றன, அவற்றைக் கேட்டுக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறார்.

கடிகார விஷயம் இப்படி. கூட்டுறவுச் சங்கம் என்றால் கரண்ட் வாங்குகிற ஒவ்வொருவரும் சொந்தக்காரர், பேச்சுக்காவது. வருடத்துக்கு ஒரு முறை எல்லாரையும் கூட்டிப் பன்றித்தொடைக் கறி வைத்த பிஸ்கட் (எங்கள் ஊரில் அது மெத்தென்ற ரொட்டி), பாட்டுக் கச்சேரி, ஓட்டு, போகும்போது ஒரு பரிசு. ஒரு வருடம் வாளி, ஒரு வருடம் டார்ச் லைட். தொண்ணூற்றொன்றில் சுவர்க் கடிகாரம் கொடுத்தார்கள். பேட்டரி கிடையாது, வயரைச் சுவரில் செருக வேண்டும். எங்கள் ஊரில் ஓசியில் வந்த பொருளை யாரும் தூக்கிப் போட மாட்டார்கள். முப்பது வருடத்துக்கு மேல் ஆகியும் பாதி வீடுகளில் ஓடிக்கொண்டிருக்கிறது.

கரண்ட் போனால் அந்தக் கடிகாரம் நிற்கும். வந்தால் நின்ற இடத்திலிருந்து ஓடும். எத்தனை நிமிஷம் பின்தங்கியிருக்கிறதோ, அத்தனை நிமிஷம் கரண்ட் இல்லை. கையெழுத்துப் போடாத ஒரே சாட்சி அதுதான்.

பிஸ்கா ரோட்டுக்குத் திரும்பும் இடத்தில் சங்கத்தின் லாரி எதிரே வந்தது. மேலே ஆளைத் தூக்கும் கூண்டு, பக்கத்தில் நீளமாக ஒரு ஏணி, ஸ்டியரிங்கில் லைன்மேன் கர்ட்டிஸ். நாடீனிடம்தான் அவன் முதன்முதலில் தொழில் பழகினான். இந்தப் பக்கத்தில் எதிரே வருகிறவர் முன்பின் தெரியாதவராக இருந்தாலும் ஸ்டியரிங்கிலிருந்து இரண்டு விரலைத் தூக்குவது வழக்கம். கர்ட்டிஸ் தூக்கவில்லை. பார்வையை ரோட்டிலேயே வைத்துக்கொண்டு போனான்.

"கையெழுத்துப் போட்டா விரல் கூட வேலை செய்யாது போல," என்றேன்.

"வாயை மூடிட்டு ஓட்டு," என்றார் நாடீன்.

முதல் வீட்டில் டியூக் என்ற நாய். நாடீனைக் கண்டதும் வாலாட்டிவிட்டு என் காலுறையைக் கவ்வியது. உள்ளே சமையலறைச் சுவரில் பரிசுக் கடிகாரம். என் கைபேசியோடு ஒப்பிட்டேன். நிமிஷம் பிசகாமல் சரியாக ஓடியது. இரண்டாவது வீட்டிலும் சரி. மூன்றாவது வீட்டில் பரிசுக் கடிகாரம், அடுப்பு, மைக்ரோவேவ், மூன்றும் சரி. நாலாவது வீட்டில் ஒரு கிழவர் தம் கடிகாரத்தைக் காட்டி, பார்த்தீர்களா எவ்வளவு ஒழுங்கு என்று பெருமைப்பட்டார். நாடீன் நன்றி சொன்ன விதத்தில் அவர் கொஞ்சம் பின்வாங்கினார்.

வியாழக்கிழமை கரண்ட் போயிற்றா என்று வீட்டுக்கு வீடு கேட்டோம். அது எப்பப் பார்த்தாலும் போய்ப் போய் வருகிறது, எந்தக் கிழமை என்று யார் கண்டார்கள் என்றார்கள். பலர் அந்த நேரத்தில் வேலையில் இருந்திருக்கிறார்கள். சத்தியம் பண்ணிச் சொல்ல ஒருவரும் இல்லை.

ரோட்டோரத்தில் நின்று நாடீன் ஒரு சரளைக் கல்லை உதைத்தார். அது என் காரில் பட்டது. எனக்கும் எரிச்சல்தான். நாலு நாளாக அலைந்து கையில் இருந்தது ஒரே ஒரு நூல், அதுவும் அறுந்துவிட்டது. டில்லரி சொன்னது நிஜமாகவே இருக்கலாம், டெல்ஃபின் பொய் சொல்லியிருக்கலாம் என்று கூட ஒரு நிமிஷம் நினைத்தேன். அதை நாடீனிடம் சொல்லவும் செய்தேன். அவர் இன்னொரு கல்லையும் என் காரைப் பார்த்து உதைத்தார்.

மணி பதினொன்றேகால். வயிறு வேறு கத்தியது. நெடுஞ்சாலையில் இருக்கும் பெட்ரோல் பங்க் கடைக்குப் போனோம். அது வேறு லைன். நான் முட்டை பிஸ்கட்டைச் சூடு பண்ண மைக்ரோவேவில் வைத்தேன். அதில் பன்னிரண்டு மணி என்று மின்னி மின்னி அணைந்துகொண்டிருந்தது. கடைக்காரரிடம் நேரத்தைச் சரி பண்ணக் கூடாதா என்றேன். சரி பண்ணி என்ன பிரயோஜனம், நாளைக்கு மறுபடி ஒரு வெட்டு வெட்டும், பெட்டி வந்த நாளிலிருந்து அதைத் தொடுவதை விட்டுவிட்டேன் என்றார் அவர்.

"என் வீட்டுலயும் அதே கதைதான். அதுலயும் மார்ச் மாசம் கோடை நேரத்துக்கு எல்லாரும் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால தள்ளினப்ப, என் கார் கடிகாரத்தையும் தள்ளி வெச்சிருக்கணும். இன்னும் வெக்கல. நவம்பர்ல எல்லாரும் திரும்பப் பின்னால வெக்கறப்ப தானா சரியாயிடும்ல?" என்றேன்.

நாடீன் கையில் சீஸ் சாண்ட்விச் வாய்க்குப் போகாமல் நின்றது.

"லைல். அந்த நாலு வீட்டுல மைக்ரோவேவ் என்ன காட்டுச்சு?"

"சரியான நேரம்."

"அடுப்பு?"

"அதுவும்தான்."

"இந்த கவுன்ட்டியில மைக்ரோவேவுக்கு நேரம் வெக்கிற ஒரு ஆளைக் காட்டு."

நான் பிஸ்கட்டை அப்படியே விட்டுவிட்டு ஓடினேன். கவுன்ட்டி முழுதும் கடிகாரங்கள் தப்பு. ஒரே ஒரு ரோட்டில் எல்லாமே சரி. காலையில் நாலு வீட்டில் அதைப் பார்த்துவிட்டு ஏமாற்றம் என்று உதட்டைப் பிதுக்கிக்கொண்டு வந்தவர்கள் நாங்கள்.

முதல் வீட்டுக்காரம்மாவிடம் கடிகாரத்துக்கு யார் நேரம் வைத்தது என்று கேட்டதும், கேட்கக் காத்திருந்த மாதிரி சொன்னார். நேற்றுச் சாயங்காலம் கர்ட்டிஸ் வந்தானாம். சங்கத்தின் இலவச மின் பரிசோதனையாம், வீட்டுக்கு இரண்டு பல்பு. போகிற போக்கில் எல்லாக் கடிகாரத்துக்கும் நேரம் வைத்துவிட்டுப் போனானாம். எவ்வளவு நல்ல பையன் என்று மெச்சினார். கடிகாரம் அதற்கு முன் எவ்வளவு பின்தங்கியிருந்தது என்று கேட்டால், கொஞ்சம் மெதுவாகத்தான் இருந்தது, யார் பார்த்தார்கள் என்றார். ரோட்டில் இருக்கிற பதினோரு வீட்டுக்கும் அவன் போனான் என்றும் சொன்னார்.

காரில் வந்து உட்கார்ந்ததும் நாடீன் தம் நெற்றியில் தாமே அடித்துக்கொண்டார்.

"என் வாய்தான். நேத்துக் காலையில ராய்ஸ் டில்லரிகிட்ட கடிகாரம்னு சொன்னேன், சாயங்காலமே ஆளை விட்டு அத்தனையும் சரி பண்ணிட்டான். இருக்கிற ஒரே சாட்சியை நானே காட்டிக் குடுத்துட்டு வந்திருக்கேன்."

மறைக்கிறார்கள் என்று தெரிந்துவிட்டதே, அது போதாதா என்றேன். கோர்ட்டில் அதை எப்படிச் சொல்வாய் என்று கேட்டார். இலவசமாகப் பல்பு கொடுத்தார்கள், அதனால் குற்றவாளிகள் என்றா?  மணி பதினொன்றே முக்கால் ஆகப் போகிறது. இரண்டு மணி நேரத்தில் டெல்ஃபினைக் கையில் விலங்கோடு கூட்டிவருவார்கள். நாங்கள் இங்கே நின்று பல்பைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறோம்.

அப்போது நாடீன் விரல் விட்டு எண்ண ஆரம்பித்தார். பழைய பழக்கம், வாசல் வாசலாக மீட்டரை எண்ணுகிறார். டியூக் வீடு ஒன்று, பச்சைத் தகரக் கூரை இரண்டு. பதினொன்றில் நிற்பார் என்று நினைத்தேன். அவர் இன்னொரு விரலை மடக்கினார்.

"பண்ணையைத் தவிர இந்த ரோட்டுல பன்னெண்டு மீட்டர் லைல். பன்னெண்டாவது சர்ச்."

பிஸ்கா பாப்டிஸ்ட் சர்ச்சில் செவ்வாய்க்கிழமை பெருக்குகிற நாள். சாவி வைத்திருக்கும் இடாபெல் க்ரம்ப் துடைப்பத்தோடு வாசலில் நின்றார். காலைத் துடைத்துவிட்டு வரச் சொன்னார். நான் துடைத்தது போதாது என்று மறுபடி துடைக்கச் சொன்னார்.

ஆமாம், கர்ட்டிஸ் இங்கேயும் வந்தான் என்றார். விருந்துக் கூடத்தில் பல்பு மாற்றினான், அடுப்புக் கடிகாரத்துக்கு நேரம் வைத்தான். எனக்குக் கையைக் காலை உதறிக்கொண்டு கத்த வேண்டும் போல இருந்தது. இடாபெல் துடைப்பத்தால் மேலே காட்டினார்.

"அதை மட்டும் தொடலை கண்ணு. எட்டாதுன்னுட்டான்."

ஆராதனைக் கூடத்தின் பின்சுவரில், கதவுக்கு மேலே, ஒன்பதடி உயரத்தில் பரிசுக் கடிகாரம். சங்கத்தின் சின்னமான நீர்நாய் படம் போட்டது. பிரசங்க மேடையில் நிற்கும் பாஸ்டருக்கு மட்டும் நேரே தெரியும்படி மாட்டியிருந்தார்கள். என் கைபேசியில் பதினொன்று ஐம்பது. அதில் பத்து ஒன்பது.

"ஒரு மணி நாப்பத்தொரு நிமிஷம்," என்றேன். சந்தோஷம் பாதியிலேயே நின்றது. பண்ணையில் காற்றாடி நின்றது வெறும் நாற்பத்தொரு நிமிஷம்தான். ஒரு மணி நேரம் கூடுதலாக இருக்கிறது.

இடாபெல் என்னை ஏற இறங்கப் பார்த்தார். மார்ச்சில் யார் அவ்வளவு உயரம் ஏறி முள்ளைத் திருப்புவது, நவம்பரில் அதுவாகவே சரியாகிவிடும், கோடைக்காலத்தில் பாஸ்டர் ஒரு மணி நேரம் கூட்டிக்கொள்வார் என்றார். உலகத்தில் என் கட்சிக்கு இன்னொரு ஆள் இருப்பது எனக்கு ஆறுதலாக இருந்தது.

ஒரு மணி நேரத்தைக் கழித்தால் நாற்பத்தொன்று.

நான் நாற்காலியை இழுத்துப் போட்டு வயரைப் பிடுங்கக் கை நீட்டினேன். நாடீன் என் சட்டையைப் பின்னாலிருந்து பிடித்து இழுத்தார். பிடுங்கினால் கடிகாரம் நின்றுவிடும், சாட்சி அங்கேயே செத்துவிடும். எவ்வளவு பெரிய மடையன் நான். கைபேசியைக் கடிகாரத்துக்குப் பக்கத்தில் தூக்கிப் பிடித்துப் படம் மட்டும் எடுத்தோம்.

"இது எந்தக் கிழமையிலருந்து பின்னால போகுதுன்னு உங்களுக்குத் தெரியுமா?" என்று நாடீன் கேட்டார். 

இடாபெல் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு மூச்சு விடாமல் சொன்னார். புதன்கிழமை ஜெபக் கூட்டம் ஏழு மணிக்குச் சரியாக முடிந்தது. ஞாயிற்றுக்கிழமை பாஸ்டர் கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்துப் பேசிக்கொண்டே இருந்தார், நிறுத்தவே இல்லை. வழக்கமாகப் பன்னிரண்டுக்கு ஆமென் சொல்கிறவர், பன்னிரண்டு நாற்பத்தொன்றுக்குச் சொன்னார். மேடைக்குக் கைபேசி கொண்டுபோகக் கூடாது என்பது அவரே போட்ட விதி. பிரசங்கத்தின் நடுவில் எழுந்து போகிற துணிச்சல் பாப்டிஸ்ட் யாருக்கும் கிடையாது. எல்லாரும் கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி நெளிந்திருக்கிறார்கள். முடிந்து டவுன் ஹோட்டலுக்குப் போனால், வேறு சபைக்காரர்களான மெதடிஸ்டுகள் முந்திக்கொண்டு வறுத்த கோழி முழுவதையும் காலி பண்ணிவிட்டார்களாம்.

"வெறும் பீன்ஸ்தான் கிடைச்சுது. சரித்திரத்துல நடக்காதது," என்றார் இடாபெல்.

அவரையும் காரில் ஏற்றிக்கொண்டோம்.

கோர்ட்டுத் தாழ்வாரத்தில் அரசு வழக்கறிஞர் பார்ன்ஸ் கோப்பைப் புரட்டிக்கொண்டிருந்தார். பக்கத்தில் சாட்சி சொல்ல வந்த ராய்ஸ் டில்லரி, தேய்த்த சட்டையோடு. தாழ்வாரத்தின் மறுகோடியில் பெஞ்சில் டெல்ஃபின், கையில் விலங்கு. எங்களைப் பார்த்துத் தலையை மட்டும் அசைத்தார்.

நாடீன் முதலில் டில்லரியிடம் போனார். போன வாரம் பிஸ்கா லைனில் சின்னச் சின்னத் தடங்கல் கூடக் கிடையாதா என்று பணிவாகக் கேட்டார். அவர் பணிவாகப் பேசினால் நான் ஓரடி தள்ளி நிற்பது வழக்கம்.

"ஒரு வினாடி கூட இல்ல நாடீன். எழுதியே குடுத்தேனே," என்றார் டில்லரி.

"நல்லது," என்றுவிட்டு நாடீன் படத்தைப் பார்ன்ஸிடம் நீட்டினார். பார்ன்ஸ் படத்தைப் பார்த்தார். இடாபெல்லைப் பார்த்தார். பார்ன்ஸின் முகம் மாறியது. பார்ன்ஸ் அதே சர்ச்சில் மூன்றாவது வரிசையில் உட்காருகிறவர் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

"நாப்பத்தொரு நிமிஷம்," என்றார் பார்ன்ஸ் மெல்ல. "என் பொண்டாட்டி வாட்சைக் காட்டிக்கிட்டே இருந்தா. எனக்கும் அன்னிக்கு பீன்ஸ்தான்."

கோப்பைத் திறந்து எச்சரிக்கைப் பெட்டி குறித்த நேரத்தைப் பார்த்தார். நாலு பத்து, நாலு ஐம்பத்தொன்று. விரலால் கூட்டிக் கழித்தார். பண்ணையில் மெயின் சுவிட்சை அணைத்தால் இரண்டு மைல் தள்ளி சர்ச் கடிகாரம் எப்படி நிற்கும் என்று டில்லரியைக் கேட்டார். வேறு நாளில் கொஞ்சம் கொஞ்சமாகப் போயிருக்கலாம் என்று டில்லரி ஆரம்பித்தார். ஒரு வினாடி கூட இல்லை என்று அவரே எழுதிக் கொடுத்த தாளை நாடீன் எடுத்து நீட்டினார். கடிகாரத்தின் பின்பக்கம் என்ன ஒட்டியிருக்கிறது தெரியுமா என்று இடாபெல் தாமாகவே நடுவில் புகுந்தார். முப்பது வருடத்துக்கு முன் அதை மாட்டக் கொடுத்தபோது படித்தவர், பார்க்காமலே சொன்னார்: "ஆட்டர் க்ரீக் இருக்கும்வரை இது நிற்காது."

டில்லரி தம் காலணியைப் பார்த்தார்.

இரண்டு மணிக்குப் பார்ன்ஸ் உள்ளே போய் வழக்கைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். நாலே நிமிஷம்தான் ஆனது. நாலு நாள் ஒரு பெண்ணைக் கம்பிக்குப் பின்னால் வைத்ததற்கு நீதிபதி ஒரு மன்னிப்புக் கூடச் சொல்லவில்லை.

வெளியே வந்த பார்ன்ஸை நாடீன் விடவில்லை. லைனை அணைத்தது யார், யார் சொல்லி அணைத்தது, கரண்ட் தட்டுப்பாடு வந்தால் ஊர் லைனைப் பிடுங்காமல் பெட்டி தன் சொந்த ஜெனரேட்டரை ஓட்டிக்கொள்ள வேண்டும் என்று ஒப்பந்தத்தில் இருக்கிறதா இல்லையா என்று கேட்டார். பார்ன்ஸ் கழுத்துப் பட்டையைத் தளர்த்தினார்.

"அவங்களை வெளிய விட முடிஞ்சுது, விட்டுட்டேன். அதுக்கு மேல கேக்காதீங்க. கவுன்ட்டி சார்பா நானும் கையெழுத்துப் போட்டிருக்கேன்."

ஐந்தாவது ஆள்.

டெல்ஃபினின் பொருள்களைத் திருப்பிக் கொடுக்க, படிவம் நிரப்ப, அந்தப் படிவம் தப்பு என்று வேறு படிவம் நிரப்ப, மணி மூன்றரை ஆகிவிட்டது. இடாபெல் யாருடைய காரிலோ போய்விட்டார். வாகன நிறுத்தத்தில் தார் உருகி ஒட்டியது. வெயில் மறுபடி நூறைத் தாண்டியிருந்தது. எதிர்ப்பக்க மரநிழலில் கூட்டுறவுச் சங்க லாரி. கர்ட்டிஸ் உள்ளே உட்கார்ந்திருந்தான். டெல்ஃபின் வெளியே வருகிறாரா என்று பார்க்க வந்திருக்கிறான் என்று தோன்றியது.

நாடீன் நேரே அவனிடம் போனார். நானும் டெல்ஃபினும் பின்னால் போனோம். திட்டப் போகிறார் என்று நினைத்தேன். அவர் லாரியின் பக்கத்தில் இருந்த ஏணியைத் தட்டினார். அப்போதுதான் எனக்கும் உறைத்தது. காலையில் பார்த்த அதே ஏணி.

"கர்ட்டிஸ், நீ நாப்பதடிக் கம்பத்துல ஏறுறவன். மேல ஆளைத் தூக்குற கூண்டு வெச்சிருக்கே. ஒம்பதடிச் சுவருல இருக்கிற கடிகாரம் உனக்கு எட்டலையா?"

அவன் ஏணியைப் பார்த்தான். அப்புறம் டெல்ஃபினைப் பார்த்தான். கண் சிவந்திருந்தது.

"கையெழுத்துப் போட்டிருக்கேன் மேடம்," என்றான்.

ஆறாவது ஆள். இந்த முறை மட்டும் எனக்குக் கோபம் வரவில்லை. கம்ப்யூட்டரில் அணைத்தால் பதிவு இருக்கும். கையால் சப்-ஸ்டேஷனில் அணைத்தால் இருக்காது. அந்தக் கைப்பிடியை வியாழக்கிழமை இழுத்தது எந்தக் கை என்று கேட்கத் தேவையே இல்லை. பதினோரு வீட்டில் முள்ளைத் திருப்பிவிட்டுப் பன்னிரண்டாவதை விட்டு வைத்ததும் அதே கைதான்.

அவன் கைபேசி அடித்தது. எடுத்தான். கேட்டுக்கொண்டே இருந்தான்.

"திரும்பவும் பிஸ்காவா?" என்றான். மறுமுனையில் ஏதோ நீளமாகச் சொன்னார்கள். "சரி சார். நாலு மணிக்கு. சரி சார்."

போனை மடியில் வைத்தான். லாரியைக் கிளப்பினான். நாடீன் லாரிக் கதவை உள்ளங்கையால் அறைந்தார். மன்னிப்பும் இல்லை, விசாரணையும் இல்லை, ஐந்து நாள் கழித்து அதே ரோட்டில் அதே வேலை. கோர்ட்டுக் கட்டடத்துக்குள் இப்போதே திரும்பப் போனால் யார் காதில் விழும்?

கர்ட்டிஸ் கண்ணாடியை இன்னும் கொஞ்சம் இறக்கினான்.

"டெல்ஃபின் அக்கா. கார்லண்டுக்குப் போன் பண்ணுங்க. குஞ்சு ஷெட்டு ரெண்டு பக்கக் கதவையும் திறந்து வெக்கச் சொல்லுங்க. இப்பவே."

அவ்வளவுதான் சொன்னான். அதைச் சொன்னதற்கே அவன் வேலை போகும்.

டெல்ஃபின் ஓடினார். ஐம்பத்தெட்டு வயதில், நாலு நாள் சிறைச் சாப்பாட்டுக்குப் பிறகு, அப்படி ஓடுவார் என்று நான் நினைக்கவில்லை. என் காரின் முன் சீட்டில் ஏறி உட்கார்ந்து கார்லண்டின் எண்ணை அழுத்தினார். மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. மறுபடி அழுத்தினார். எடுக்கவில்லை.

"ஓட்டு," என்றார்.

நாடீன் பின் சீட்டில் பாய்ந்து ஏறினார். கார் கடிகாரம் இரண்டு முப்பத்தெட்டு காட்டியது, அதாவது மூன்று முப்பத்தெட்டு. பிஸ்கா ரோட்டுக் கடைசிக்கு இருபத்தைந்து நிமிஷம் ஆகும். எப்படிக் கணக்குப் போட்டாலும் மூன்று நிமிஷம் உதைத்தது.

கர்ட்டிஸின் லாரி எங்களுக்கு முன்னால் வாசலில் நின்றது. சப்-ஸ்டேஷனுக்கு இடப்பக்கம் போக வேண்டும், பத்து நிமிஷம். அவன் ஸ்டியரிங்கிலிருந்து இரண்டு விரலைத் தூக்கினான். அப்புறம் வலப்பக்கம் திரும்பி, ஆற்றைச் சுற்றிக்கொண்டு போகும் நீளப் பாதையில் மெதுவாகப் போனான்.